புதுச்சேரி 1748: ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு தேவாலயம்



கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மத்ரஸாவில் பாடம் நடத்தும் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப இயலாது. பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடம் படித்துவிட்டு மாலையில் ஓதவரும் பிள்ளைகள் கேட்பார்கள்: "உஸ்தாத், நம்ம ராஜாக்கள் கோயில்களை இடித்தார்களாமே, உண்மையா?" அக்கேள்விக்குப் பின்னால் வகுப்புத் தோழன் ஒருவனின் கேலி இருக்கக்கூடும், கைப்பேசியில் வந்த காணொளி இருக்கக்கூடும். அழிவற்றது என்று பொருள்படும் பெயரைத் தாங்கிய அவிநாசியில், பெரிய கோயிலின் கோபுரம் தெரியும் தெருக்களில் வளரும் பிள்ளைகள் இதைக் கேட்பது இயல்பே. "இல்லை" என்று ஒரு சொல்லில் மறுத்து அனுப்பிவிடுவது எளிது. ஆனால் மார்க்கக் கல்வி பெற வந்த பிள்ளைக்கு மெய்யல்லாததைக் கற்பிக்க நமக்கு உரிமை இல்லை.

அதற்கு விடை காண, டெல்லிக்கும் அயோத்திக்கும் போவதற்கு முன், நம் தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்து தமிழிலேயே எழுதிவைக்கப்பட்ட ஒரு நிகழ்வைப் பார்ப்போம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கித் தம் வாழ்வின் இறுதிக்காலம் வரை அவர் எழுதிய நாட்குறிப்பு, அக்காலத் தென்னிந்தியாவைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப்பெரிய சான்று. அதில் 1748 செப்டம்பர் 7, சனிக்கிழமை, வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட செய்தி இடம்பெறுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் அது ஹிஜ்ரி 1161ஆம் ஆண்டு, ரமலான் மாதத்தின் நடுப்பகுதி. ஊர் முஸ்லிம்கள் நோன்பு நோற்றிருந்த நாட்கள்.

அப்போது ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தார். நகரத்து மக்களில் பலர் அஞ்சி வெளியேறிக்கொண்டிருந்தனர். இந்த நெருக்கடியையே வாய்ப்பாகக் கொண்டு, இயேசு சபைப் பாதிரிமார்களின் நெடுநாள் கோரிக்கையை டூப்ளே நிறைவேற்றினார். பாதிரிமார்களின் தேவாலயத்துக்கு, அதாவது இன்றும் புதுச்சேரி மக்கள் சம்பா கோவில் என்றழைக்கும் தேவாலயத்துக்கு, அடுத்தே இருந்தது அந்தச் சிவன் கோயில். இரண்டுக்கும் இடையே பல்லாண்டுப் பூசல். 1746இல் ஒருமுறைக்கு மேல் கோயிலுக்குள் அசுத்தம் எறியப்பட்டதாகப் பிள்ளை குறித்திருக்கிறார். ஆளுநரின் மனைவி மதாம் டூப்ளே இதில் காட்டிய ஆர்வத்தையும் அவர் மறைக்கவில்லை.

முதல்நாளே படைவீரர்களும் குதிரைவீரர்களும் சிப்பாய்களும் தேவாலயத்தருகே காவல் நிறுத்தப்பட்டனர். காலையில் பொறியாளரும் பாதிரிமார்களும் கொத்தனார், கூலியாள் என ஏறத்தாழ 200 பேருடன் வந்து தெற்குச் சுவரிலிருந்து இடிக்கத் தொடங்கினர். காரைக்கால் பாதிரியார் கேர்தூ லிங்கத்தைக் காலால் உதைத்ததையும், வாகனங்கள் உடைக்கப்பட்டதையும் பிள்ளை எழுதியிருக்கிறார். ஊர்த் தலைவர்கள் வந்து முறையிட்டனர். எடுத்துச்செல்ல முடிந்த சிலைகளைக் காளத்தீசுவரர் கோயிலுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்பதைத் தவிர அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. பிள்ளை ஆளுநருக்கு மிக நெருங்கியவர், வைணவர், செல்வாக்கு மிக்கவர். அவரும் இரவில் அமர்ந்து மனம் நொந்து எழுதினார், அவ்வளவே. மறுநாள் காலை வழக்கம்போல ஆளுநர் முன் சென்று நின்றார்.

நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செய்தி இதற்கு அடுத்து வருகிறது. கோயிலை இடித்த கையோடு பள்ளிவாசல் ஒன்றையும் இடிக்க முற்பட்டார்கள். மாஹேயிலிருந்து வந்திருந்த சிப்பாய்களின் தலைவர் அப்துர் ரஹ்மான் இதைக் கேள்வியுற்றதும் நேரே டூப்ளேயிடம் சென்றார். எங்கள் பள்ளிவாசலில் கைவைத்தால் ஒரு முஸ்லிம் சிப்பாய்கூட உங்களிடம் தங்கமாட்டான், இடிப்பவர்கள் மீது பாய்ந்து அங்கேயே உயிரை விடுவார்கள் என்று சொன்னார். வெளியே ஆங்கிலேயப் படை. உள்ளே சிப்பாய்கள் கலைந்தால் நகரமே போய்விடும். டூப்ளே உடனே வேலையை நிறுத்தச் சொன்னார். பள்ளிவாசல் தப்பியது.

இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்குப் பெருமிதம் எழுவது இயற்கை. அப்துர் ரஹ்மானின் துணிவு போற்றத்தக்கதுதான். ஆயினும் இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது. அவர் சென்று பேசியபோது கோயில் இடிபட்டுக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்த வலிமை ஆளுநரையே பணியவைக்கும் வலிமை என்பது அடுத்த சில கணங்களில் தெரிந்துவிட்டது. அந்த வலிமையைத் தம் பள்ளிவாசலுக்காக மட்டுமே அவர் பயன்படுத்தினார். பக்கத்து வீட்டாரின் வழிபாட்டிடத்துக்காக ஒரு சொல் சொன்னதாக நாட்குறிப்பில் நாம் காணவில்லை. 18ஆம் நூற்றாண்டுக் கூலிப்படைத் தலைவர் ஒருவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் காலத்தவரின் அளவுகோலில் அவர் குறைந்தவர் அல்லர். ஆனால் குர்ஆனின் அளவுகோல் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததன்று.

அதற்கு வருமுன் இன்னொரு செய்தி. இதே கோயிலை மூட 1701இலும் முயன்றார்கள். அப்போதைய ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் பாதிரிமார்களின் வற்புறுத்தலுக்கு இணங்கினார். நெசவாளர்களும் வணிகர்களும் தொழிலாளர்களுமாக ஆயிரக்கணக்கானோர் திரண்டு, ஊரைவிட்டே போய்விடுகிறோம் என்றார்கள். துணி நெய்பவர்கள் போனால் கம்பெனிக்கு வணிகம் ஏது? மார்த்தேன் பின்வாங்கினார். 1715ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் இந்துக்களின் வழிபாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்து, மக்கள் வெளியேறத் தொடங்கியதும் தளர்த்தினார்கள். ஆக, அந்த மக்களிடம் இருந்த ஒரே ஆயுதம் வெளியேறுவது. 1748இல் முற்றுகைக்கு அஞ்சி ஏற்கெனவே பாதி ஊர் காலியாகிக்கொண்டிருந்தபோது அந்த ஆயுதம் செல்லாக்காசாகிவிட்டது. டூப்ளே தேர்ந்தெடுத்த நேரம் தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த வழிபாட்டிடம் எப்போது விழும் என்பதை இறையியல் தீர்மானிப்பதைவிட, யாரிடம் யார் பேரம் பேச முடியும் என்பதே பெரும்பாலும் தீர்மானித்திருக்கிறது.

கதை இத்துடன் முடியவில்லை. 1761 ஜனவரி 16ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அதற்கு நான்கு நாட்களுக்கு முன் ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகிவிட்டார். ஆங்கிலேயர் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினர். அந்த அழிவில் சம்பா கோவிலும் விழுந்தது. பக்கத்துக் கோயிலை விழுங்கிய தேவாலயம், 13 ஆண்டுகள்கூட நிறைவடையாத காலத்தில், கிறிஸ்தவர்களின் கையாலேயே இடிந்தது. இன்று நாம் காணும் சம்பா கோவில் 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. வேதபுரீசுவரர் கோயிலும் பின்னர் ஊரின் வேறொரு தெருவில் எழுந்தது.

சென்னையில் ஆங்கிலேயர் வேறு மாதிரி நடந்துகொள்ளவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்ற ஐயத்தின் பேரில் கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கத் தேவாலயத்தை இடித்தனர். 1757இல் கோட்டையின் பாதுகாப்புக்கு இடையூறு என்று சொல்லிச் சென்னகேசவப் பெருமாள் கோயிலை இடித்தனர். அதற்கு மாற்று நிலம் வழங்கப்பட்டு, இன்றைய பூக்கடைப் பகுதியில் மீண்டும் கட்டப்பட்டது. நாகப்பட்டினத்தில் நடந்ததோ ஈடுசெய்ய முடியாதது. முதலாம் இராசராசன் காலத்தில், ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையளிக்கப்பட்டது. அந்நகரின் பௌத்த வழிபாட்டின் எச்சமாக ஓங்கி நின்ற செங்கல் கோபுரத்தை, 1867இல் சென்னை அரசின் அனுமதியோடு இயேசு சபையினர் கல்லூரி கட்டுவதற்காக இடித்துவிட்டனர். அதைக் காக்க முறையிட அப்போது அந்த ஊரில் ஒரு பௌத்தர்கூட இல்லை.

இனி நம் வேதத்தின் அளவுகோலைப் பார்ப்போம். ஸூரத்துல் ஹஜ்ஜின் 40ஆவது வசனத்தை நம் பிள்ளைகள் ஓதுகிறார்கள். பொருளைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறார்கள். முஸ்லிம்களுக்குப் போரிட முதன்முதலாக அனுமதி அளித்த வசனத்தை ஒட்டி வருவது அது. மனிதர்களில் சிலரைக் கொண்டு சிலரை அல்லாஹ் தடுத்திராவிட்டால் எவை எவை தகர்க்கப்பட்டிருக்கும் என்று அங்கே ஒரு வரிசை வருகிறது. ஸவாமிஃ என்னும் துறவியர் மடங்கள், பியஃ என்னும் கிறிஸ்தவ ஆலயங்கள், ஸலவாத் என்னும் யூத ஆலயங்கள், இவற்றுக்குப் பிறகு நான்காவதாகவே மஸாஜித். நம் பள்ளிவாசல் கடைசியில் வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அவர்கள் வியந்து முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த வரிசை வேதக்காரர்களோடு நின்றுவிடுகிறது, நம் நாட்டுக் கோயில்கள் இதில் அடங்கா என்று சிலர் வாதிடுவர். 13ஆம் நூற்றாண்டு விரிவுரையாளர் இமாம் குர்துபி இவ்வசனத்தின் கீழ், முஸ்லிம் ஆட்சியில் பாதுகாப்புப் பெற்ற மக்களின் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் இடிப்பதை இது தடுக்கிறது என்ற கருத்தைப் பதிவுசெய்கிறார். அவற்றோடு நெருப்பு வணங்கிகளின் ஆலயங்களையும் சேர்த்தே சொல்கிறார். மஜூஸிகள் வேதக்காரர்கள் அல்லர் என்பதை நினைவிற் கொள்க. சிந்துவுக்கு வந்த முஹம்மத் இப்னு காஸிம் அரோர் நகரில், இங்குள்ள கோயில்களும் கிறிஸ்தவர், யூதர், மஜூஸிகளின் ஆலயங்களைப் போன்றவையே என்று கூறியதாக 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரீ எழுதியிருக்கிறார். 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இந்த மண்ணில் காலடி வைத்த உடனேயே, கேள்வி எழுந்து விடையும் சொல்லப்பட்டுவிட்டது. உமர் (ரலி) அவர்களின் ஜெரூஸலம் வரலாறு நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியும் என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை.

அப்படியானால் மாணவனின் கேள்விக்கு விடை? ஆம், இடித்தார்கள். ஃபாத்திமிய ஆட்சியாளர் அல்ஹாக்கிம் 1009இல் ஜெரூஸலத்தின் புனிதக் கல்லறைத் தேவாலயத்தை இடிக்க ஆணையிட்டார். உமர் (ரலி) அவர்கள் உள்ளே தொழ மறுத்து நமக்கு முன்மாதிரி காட்டியதாகச் சொல்லப்படும் அதே தேவாலயத்தை. 1311இல் மாலிக் காஃபூர் தமிழகத்தின் மீது படையெடுத்தபோது கோயில்கள் சூறையாடப்பட்டன. அதைப் பெருமையாகவே எழுதிவைத்தவர் அமீர் குஸ்ரூ. பகைவர் எழுதிய பழி என்று இதைத் தள்ளிவிட நமக்கு வழியில்லை.

"அவர்கள் செல்வத்துக்காகவே செய்தார்கள், மார்க்கத்துக்காக அல்ல" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. அக்காலத்தில் கோயில் என்பது கருவூலமாகவும் அரசனின் பெருமைச் சின்னமாகவும் இருந்தது. இந்து அரசர்களும் பகை அரசரின் சின்னங்களைக் கவர்ந்தனர். முதலாம் இராசாதிராச சோழன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை அழித்துக் கொண்டுவந்த வாயிற்காவலர் சிலை, அந்த வெற்றியைச் சொல்லும் கல்வெட்டோடு தாராசுரத்தில் கிடைத்தது. பல்லவ மன்னன் சைவனானதும் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தப் பொருள்களைக் கொண்டு திருவதிகையில் குணபர ஈச்சரம் எடுத்ததாகப் பெரியபுராணமே கூறுகிறது. இவையெல்லாம் வரலாற்றாசிரியருக்குத் தேவையான விளக்கங்கள். ஆனால் மத்ரஸா ஆசிரியருக்கு இவை போதா. சோழரும் செய்தார், பல்லவரும் செய்தார் என்று சொல்லி மாலிக் காஃபூரை விடுவிக்கப் போனால், நாம் சோழரின் வழக்கத்தைத்தான் பின்பற்றுகிறோம், ஸூரத்துல் ஹஜ்ஜை அல்ல என்றாகிவிடும். செல்வத்துக்காக இடித்தால் பாவம் குறைந்துவிடுமா என்ன?

ஆகவே நான் மாணவர்களுக்கு மாலிக் காஃபூரைத் தற்காப்பதில்லை. அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நடந்த வரலாறு.

1510 ஜனவரியில் போர்ச்சுகீசியத் தளபதிகள் அல்புகெர்க்கும் கூட்டின்ஹோவும் கோழிக்கோட்டைத் தாக்கி, அங்கே நகூதா மிஸ்கால் என்ற அரபு வணிகர் கட்டிய பெரிய பள்ளிவாசலுக்குத் தீவைத்தனர். சாமூதிரி மன்னரின் நாயர் வீரர்கள் திருப்பித் தாக்கினர். கூட்டின்ஹோ அங்கேயே கொல்லப்பட்டார். அல்புகெர்க் காயத்தோடு கப்பலுக்குத் தூக்கிச்செல்லப்பட்டார். பின்னர் 1531இல் சாலியத்தில் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டினர். அங்கிருந்த பழமையான பள்ளிவாசலைப் பெயர்த்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர் என்று பொன்னானியின் ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் தம் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் வேதனையோடு எழுதுகிறார். 40 ஆண்டுகள் அக்கோட்டை நின்றது. 1571இல் சாமூதிரியின் படையும் முஸ்லிம்களும் சேர்ந்து முற்றுகையிட்டு அதைக் கைப்பற்றினர். கோட்டை கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டது. கல்லும் மரமும் கோழிக்கோட்டுக்கும், இடிக்கப்பட்ட பள்ளிவாசலை மீண்டும் கட்டவும் சென்றன. ஓர் இந்து மன்னர் முஸ்லிம்களின் இறையில்லத்துக்காகச் செய்ததை, அரபு மொழியில் ஓர் ஆலிம் நன்றியுடன் பதிவுசெய்தார். சிலரைக் கொண்டு சிலரைத் தடுப்பது என்ற வசனத்தின் பொருளை வகுப்பில் விளக்க, இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. அப்துர் ரஹ்மானுக்கு 177 ஆண்டுகளுக்கு முன், அவர் வந்த அதே மலபார்க் கரையில் நடந்தது இது.

நம் காலத்துக்கு வந்தால் எழுத மனம் கூசுகிறது. 1992 டிசம்பர் 6 நம் எல்லோர் நெஞ்சிலும் இருக்கிறது. அந்த இடிப்பு சட்டத்தின் ஆட்சியை மீறிய கொடுஞ்செயல் என்று 2019 நவம்பர் 9ஆம் நாள் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே பதிவுசெய்தது. நிலத்தை மறுதரப்புக்கு வழங்கியதும் அதே தீர்ப்புதான். இலங்கையில் 1990 ஆகஸ்டு 3 இரவு, காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுகையில் நின்ற 100க்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக்கொன்றனர். குண்டு துளைத்த சுவர்களை அவ்வூரார் அப்படியே வைத்திருக்கிறார்கள். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணம் நவாலியில் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குத் தலைமை தாங்கியவன் அதே காத்தான்குடியில் வளர்ந்தவன். சொந்த ஊர்ப் பள்ளிவாசலின் சுவரில் துளைகளைப் பார்த்து வளர்ந்த ஒருவன், பிறரின் ஆலயத்தில் அதையே செய்யத் துணிந்தான். அவன் மத்ரஸாவில் ஓதியவன் என்பது, என்னைப் போன்றவர்கள் இரவில் விழித்திருக்கப் போதுமான காரணம்.

நம் கோவையின் காயங்களையும் நாம் அறிவோம். 1997 நவம்பர் இறுதியில் நம்மவர் பலர் கொல்லப்பட்டதும், 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் போனதும் இந்த வட்டாரத்துக் குடும்பங்களுக்குச் செய்தித்தாள் செய்தி அல்ல. 2022 அக்டோபர் 23 விடியற்காலையில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பாகக் கார் ஒன்று வெடித்து, அதை ஓட்டிவந்த இளைஞன் இறந்தான். மீண்டும் பழைய அச்சம் தெருக்களில் இறங்கியது. அடுத்த சில நாட்களில் கோவை ஜமாஅத்துகளின் பிரதிநிதிகள் அந்தக் கோயிலுக்கு நேரில் சென்றனர். அர்ச்சகரையும் கோயிலைச் சேர்ந்தவர்களையும் சந்தித்து, இச்செயலை எந்த வகையிலும் ஏற்கவில்லை என்று தெரிவித்தனர். கோயிலார் அவர்களை வரவேற்று உட்காரவைத்துப் பேசினர். அதைச் சிலர் நம்மிலேயே குறைகூறினர் என்பதையும் நான் அறிவேன். கோயிலுக்குள் போகலாமா என்று ஃபத்வா கேட்டார்கள். என்னிடம் கேட்டவர்களுக்கு இப்னு காஸிமின் சொல்லையும் குர்துபியின் விரிவுரையையும் எடுத்துக்காட்டினேன்.

கோழிக்கோட்டு மிஸ்கால் பள்ளி இன்றும் குற்றிச்சிறைக் குளக்கரையில் மரத்தாலான மாடங்களோடு நிற்கிறது; தொழுகை நடக்கிறது. திருப்பூரிலிருந்து ரயிலேறினால் அன்றே போய்ச் சேரலாம். விடுமுறையில் மலபார்ப் பக்கம் செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்கே ஒரு வக்துத் தொழுதுவிட்டு, 1510இலும் 1571இலும் நடந்ததை அந்த இடத்திலேயே வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.